எட்டுத் தாளிலும் ஒன்று

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மூக்கு மேடம் என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் அப்படிக் கூப்பிடாதவர்களும் இல்லை. அது அவளுக்கே தெரியும், தெரிந்து கொஞ்சம் பெருமையும் உண்டு. பதினோரு வருஷமாக அந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் சுவைக்குழுவை நடத்துகிறவள் அவள்தான். பால் குவளையை வாயருகே கொண்டுபோகாமலே அது இன்றைக்குக் கெடுமா நாளைக்குக் கெடுமா என்று அடித்துச் சொல்லுவாள். குழுவில் யாராவது பச்சை வெங்காயம் கடித்துவிட்டு வந்தால், ஆள் இரண்டாவது மாடி ஏறும்போதே மேலேயிருந்து குரல் வரும்: "இன்னைக்கு வேண்டாம், வீட்டுக்குப் போயிட்டு அடுத்த தடவை வாங்க."

அப்பேர்ப்பட்ட மூக்கு ஐந்து மாதத்துக்கு முன்பு ஒரு காய்ச்சலோடு போயே போய்விட்டது.

காய்ச்சல் நாலு நாளில் விட்டது. ஐந்தாம் நாள் காலையில் காபியைக் குடித்தாள், கசப்பு வெந்நீர் மாதிரி இருந்தது. சோப்பை எடுத்து முகர்ந்தாள். பூண்டை நசுக்கி முகர்ந்தாள். கடைசியில் வீட்டுக்காரருடைய வேலைச் சட்டையை எடுத்து முகர்ந்தாள். கிரீஸும் வியர்வையுமாக மூன்று வீட்டுக்கு வாடையடிக்கிற சட்டை அது. ஒன்றுமே இல்லை. டாக்டர், "திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றார். இதைச் சொல்ல இத்தனை வருஷம் படிக்க வேண்டுமா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. நாக்கு மட்டும் மிச்சம்: இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அவ்வளவுதான். சாப்பாட்டில் மற்றதெல்லாம் மூக்கு செய்கிற வேலை என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவளும் அவள்தானே.

விஷயம் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். அவர் லிஃப்ட் மெக்கானிக். அன்றையிலிருந்து பால் பாத்திரத்தை முகர்ந்து பார்த்துவிட்டு அடுப்பில் வைப்பதும், கேஸ் மூடியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்ப்பதும் அவர் வேலையாகிவிட்டது. சொல்லிக்காட்டாமல் செய்தார். வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் ஆரம்பிப்பார்.

"ஆபீஸ்ல சொல்லிடும்மா."

"சொன்னா என்னை எதுக்கு வச்சிருப்பாங்க? மூக்கில்லாத மூக்கு மேடம்னு பார்வைக்கு வைக்கவா?"

"லிஃப்ட்ல அஞ்சாறு கயிறு இருக்கும். ஒண்ணு அறுந்தா மத்தது தாங்கும், பெட்டி கீழ விழாது. ஆனா அறுந்தத எழுதி வைக்காம மேல ஆள ஏத்தக் கூடாது. அவ்வளவுதான் எங்க ரூலு."

"நான் லிஃப்ட் இல்லைங்க" என்று எழுந்து போய்விடுவாள்.

எழுந்து போனாலும் அந்தப் பேச்சு கூடவே வரும். ஏனென்றால் அப்போது மூன்றாவது மாடியில் நடந்துகொண்டிருந்த வேலை சாதாரண வேலை இல்லை. மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாத நோயாளிகளுக்காக ஒரு பட்டாணிப்பால் பொடி. பட்டாணியை உரித்து, அரைத்து, பாலெடுத்து, கொஞ்சம் எண்ணெய் சேர்த்து உலர்த்திப் பொடியாக்குவது. உரித்துப்போட்ட தோலை மட்டும் விட்டுவைப்பானேன் என்று, அந்தத் தோலிலிருந்தே ஒரு மெல்லிய படலம் செய்து, அந்தப் படலத்தாலேயே பொடிக்குப் பாக்கெட்டும் போட்டுவிட்டார்கள். மண்ணில் போட்டால் பத்து வாரத்தில் மண்ணோடு மண்ணாகிவிடும் பாக்கெட். அதைச் செய்தவன் பக்கத்து அறைக்காரன். மூன்று வருஷமாகப் பட்டாணித்தோலும் கையுமாக அலைந்ததால் அவனுக்குத் தோல் தம்பி என்று பெயர் விழுந்திருந்தது. தம்பி என்றாலும் நாற்பதை எட்டிப்பிடிக்கிற வயது, முன்மண்டையில் முடி விடைபெற்றுக்கொண்டிருந்தது.

பாக்கெட்டுகளை வெப்ப அலமாரியில் வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடுத்து, பாலாகக் கரைத்துக் குழுவுக்குக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வாரம் தாங்கினால் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க ஒப்பந்தம் தயாராக இருந்தது. பாக்கெட்டுக்குள் காற்று புகுந்தால் பொடியில் இருக்கிற எண்ணெய் காறிப்போகும். அப்படிப் போகிறதா என்று அளந்து சொல்ல ஒரு கருவி இருந்தது. அது உதிரி பாகம் ஒன்றுக்காகக் காத்துக்கொண்டு, துணி போர்த்தி மூலையில் கிடந்தது. ஆகவே எல்லாம் எட்டுப் பேருடைய வாயையும் மூக்கையும் நம்பித்தான்.

எட்டுப் பேரும் அக்கம்பக்கத்து மனிதர்கள், படித்த விஞ்ஞானிகள் யாரும் இல்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் ஒருவர், எல்லாருக்கும் டிரைவர் அண்ணன். ஒரு தையல்கார அக்கா. ஆஸ்பத்திரி வேலையை விட்ட நர்ஸம்மா. பூட்டுக்கடைக்காரர், சலூன்காரர், நூலகத்தில் வேலை பார்க்கிறவர், எப்போதும் சண்டை போட்டுக்கொண்டே ஒன்றாக வருகிற இரட்டைச் சகோதரிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு தடுப்பு. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மேசை, எதிரே சின்ன ஜன்னல். ஜன்னல் வழியாகக் குவளை வரும், தாள் போகும். ஒருவர் எழுதுவது இன்னொருவருக்குத் தெரியாது. தாளில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்கள். ஒன்று என்றால் புதுசு. ஒன்பது என்றால் பழைய எண்ணெய் வாடை, வாயில் வைக்க முடியவில்லை.

குழுவை நடத்துகிறவள் எண் எதுவும் போட மாட்டாள். ஆனால் ஒரு வழக்கம் உண்டு: முதல் மடக்கு அவளுடையது. வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கெட்டதை எட்டுப் பேருக்குக் கொடுத்துவிடக் கூடாதே என்று, அவள் ஒரு மடக்கு குடித்துவிட்டு, 'கொடுக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஜன்னல்கள் திறக்கும். குழுவில் இருக்கிறவர்களுடைய மூக்கை ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவள் சோதிப்பாள். சோதிக்கிறவளைச் சோதிக்க வேண்டும் என்று பதினோரு வருஷமாக யாருக்கும் தோன்றவில்லை.

ஆகவே ஐந்து மாதமாக அவள் வெறும் நாக்கை வைத்துக்கொண்டு 'கொடுக்கலாம்' என்று எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜன்னல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு எட்டுத் தாளும் வரும், இரண்டு, ஒன்று, மூன்று, ஒன்று என்று எண்கள் நன்றாகவே இருக்கும், அப்பாடா தலை தப்பியது என்று மூச்சு விடுவாள்.

பத்தாவது வாரமும் அப்படித்தான் தொடங்கியது. காலை பத்தரை மணி. பாக்கெட்டைப் பிரித்தாள், கரைத்தாள், ஒரு மடக்கு குடித்தாள். லேசான கசப்பு. பட்டாணிக்கு அது எப்போதும் உண்டு. 'கொடுக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். எட்டுக் குவளைகள் எட்டு ஜன்னல் வழியாக உள்ளே போயின. வழக்கமாகத் தையல்கார அக்கா தடுப்புக்குள்ளிருந்து தொண்டையைக் கனைப்பாள், பூட்டுக்காரர் குவளையை மேசையில் டக்கென்று வைப்பார். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. தாள்கள் வந்தன. எட்டுப் பேரும் ஏதோ அவசரம் போல, அவளைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்கள்.

அவள் தாள்களை வரிசையாக வைத்தாள். ஒன்று. ஒன்று. ஒன்று. ஒன்று. ஒன்று. ஒன்று. ஒன்று. ஒன்று.

ஒரு நிமிஷம் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பத்து வாரம் வெப்பத்தில் கிடந்த பொடி, எட்டு வாய்க்கும் புதுசு! தோல் தம்பிக்குச் சொல்ல எழுந்தவள், பாதி எழுந்த நிலையிலேயே நின்றாள். மூக்கு போனாலும் கண்ணும் பதினோரு வருஷப் பழக்கமும் போகவில்லை. இந்த எட்டுப் பேர் எட்டு ஒன்று போடுவார்களா? வெறும் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்தாலே ஒருவருக்கு இனிப்புப் போதாது, இன்னொருவருக்குத் திகட்டும். அன்றைக்கே கரைத்த புதுப் பாலுக்குக்கூட டிரைவர் அண்ணன் மனம் ஒப்பி ஒன்று போட்டதில்லை; இரண்டுதான் போடுவார். இரட்டைச் சகோதரிகள் ஒரே எண் போட்டதாகச் சரித்திரமே கிடையாது.

மிச்சம் இருந்த குவளையை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள்.

"தம்பி, இதைக் கொஞ்சம் குடிச்சுப் பாருங்க."

"என்னக்கா, எண் வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே அவன் ஆசையாக வாங்கி ஒரு மடக்கு குடித்தான். அடுத்த நொடி கைகழுவும் தொட்டிக்கு ஓடினான். மூன்று தடவை கொப்பளித்துவிட்டுத் திரும்பினபோது கண்ணில் நீர் நின்றது.

"அக்கா, பெயிண்ட் டப்பாவ நக்கின மாதிரி இருக்கு! இதையா குழுவுக்குக் கொடுத்தீங்க? நீங்க எப்படி..." என்றவன் அவள் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினான்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "தம்பி, எனக்கு அஞ்சு மாசமா வாசனையே தெரியல" என்றாள். இத்தனை நாள் காதும் காதும் வைத்தாற்போல மறைத்த விஷயம், சொல்லி முடிக்க ஒரு மூச்சுகூடத் தேவைப்படவில்லை. அவன் வாயைத் திறப்பதற்குள் எட்டுத் தாளையும் சுருட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

கட்டடத்துக்கு எதிரிலேயே பஸ் நிறுத்தம். எட்டுப் பேரும் அங்கேதான் இருந்தார்கள், நாலு பேர் பெஞ்சில், நாலு பேர் நின்றுகொண்டு. காரசாரமாக ஏதோ பேசிக்கொண்டிருந்தவர்கள் அவள் சாலையைக் கடந்து வருவதைப் பார்த்ததும் கப்சிப்.

"என்ன இது?" என்று தாள்களை விரித்துக் காட்டினாள்.

"எது மேடம்?" என்றாள் தையல்கார அக்கா. ஆனால் பார்வை செருப்பைவிட்டு மேலே வரவில்லை.

"எட்டுப் பேரும் ஒண்ணு போட்டிருக்கீங்க. பதினோரு வருஷத்துல நீங்க எட்டுப் பேரும் எதுலயாவது ஒத்துப்போயிருக்கீங்களா? மழை பெய்யுதான்னு கேட்டாலே ரெண்டு கட்சி பிரிவீங்களே!"

டிரைவர் அண்ணன் மென்று விழுங்கினார். "கெட்டுப்போச்சு மேடம். வாயில வச்சவுடனே தெரிஞ்சுது."

"அப்புறம் எதுக்கு ஒண்ணு?"

தையல்கார அக்காதான் தாங்கமாட்டாமல் வாயைத் திறந்தாள்.

"மேடம், எங்களுக்குத் தெரியும் மேடம்."

"என்ன தெரியும்?"

"நாலு மாசத்துக்கு முன்னாடி எம் பொண்ணு மொத சம்பளத்துல சென்ட் வாங்கிட்டு வந்தா. நான் வேண்டாம் வேண்டாங்கறேன், மேல அடிச்சு விட்டுட்டா. அப்படியே மறந்துபோயி இங்க வந்துட்டேன். படியேறும்போதுதான் ஞாபகம் வந்துச்சு. ஐயையோ, மேடம் தொலைச்சுடுவாங்கன்னு நெனச்சுக்கிட்டே வந்தா, நீங்க கதவுகிட்ட நின்னு சிரிச்சுக்கிட்டே வாங்கக்கான்னு கூப்பிட்டு உக்கார வச்சீங்க. பக்கத்துத் தடுப்புல இவரு தும்மு தும்முன்னு தும்முறாரு, நீங்க சளி பிடிச்சிருக்கான்னு அவர விசாரிக்கிறீங்க. அன்னைக்கே எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு."

மூக்கு மேடத்துக்கு அந்தத் தும்மல் நன்றாக ஞாபகம் இருந்தது. பூட்டுக்காரருக்குச் சுடுதண்ணீர்கூடக் கொடுத்தாள்.

"ஒருத்தர்கூட எங்கிட்ட கேக்கலையே?"

"எப்படி மேடம் கேக்கறது? சொல்ற மாதிரி இருந்தா நீங்களே சொல்லியிருப்பீங்க. பால் நல்லாத்தானே இருந்துச்சு, எதுக்கு நோண்டணும்னு விட்டுட்டோம்."

நாலு மாதம். அந்த நாலு மாதமும் தையல்கார அக்கா படியேறும்போதே "கேன்டீன்ல எதையோ கருக விட்டுட்டாங்க மேடம், உங்களுக்கு முன்னாடியே வந்திருக்கும் இந்த வாடை" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்ததெல்லாம் வாயடி என்று அவள் நினைத்திருந்தாள். அது வாயடி இல்லை. அவளுக்குத் தெரிய வேண்டியதைத் தெரியப்படுத்தியிருக்கிறார்கள், அதுவும் அவள் கௌரவம் குறையாதபடி.

"சரி. அதுக்காக எட்டுப் பேரும் கூடிப் பேசி இந்தப் பச்சைப் பொய்யை எழுதினீங்களா?"

"கூடிப் பேசவே இல்ல மேடம்!" டிரைவர் அண்ணன் பதறினார். "அவங்கவங்க தடுப்புக்குள்ள அவங்கவங்க. எனக்கு என்ன தோணுச்சுன்னா, நீங்க 'கொடுக்கலாம்'னு கையெழுத்துப் போட்டுட்டீங்க. எட்டுப் பேரும் ஒம்பது போட்டா, இந்தம்மா எப்படி விட்டாங்கன்னு மேல கேப்பாங்க. ஒரே ஒரு ஆளு ஒண்ணு போட்டா, சரி, ஒரு ஆளுக்குத் தெரியல, மேடத்துக்கும் தெரியாம போயிருக்கும்னு விட்டுடுவாங்க. ஒத்தையா மாட்டிக்காம உங்களுக்குத் துணைக்கு ஒரு ஆளு இருக்கட்டும்னு நான் போட்டேன். மத்த ஏழு பேரும் நெஜத்த எழுதிடுவாங்கங்கற தைரியந்தான்."

"நானும் அதேதான்" என்றாள் தையல்கார அக்கா. "இவரு எழுதிடுவாரேன்னு நெனச்சேன். இவரு எதுக்குமே ஒண்ணு போட மாட்டாரே!"

"நான் இவ எழுதுவான்னு நெனச்சேன்" என்று இரட்டையரில் ஒருத்தி சொல்ல, "நான் எழுதுவேன்னு நீ எப்படி நெனைக்கலாம்?" என்று மற்றவள் ஆரம்பித்தாள்.

பூட்டுக்காரர், சலூன்காரர், நூலகக்காரர், எல்லாருக்கும் அதே கதைதான். அவளுக்குத் துணையாக ஒரே ஒரு பொய் போதும் என்று எட்டுப் பேரும் தனித்தனியாக முடிவு செய்து, மற்ற ஏழு பேருடைய யோக்கியத்தை நம்பி, ஆளுக்கொரு ஒன்று போட்டிருக்கிறார்கள். இதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பட்டப்பகலில், பஸ் நிறுத்தத்தில், எட்டுத் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விசும்பினாள். பதினோரு வருஷமாகக் குவளையைக் கொடுத்துத் தாளை வாங்கியதைத் தவிர இவர்களுக்கு என்ன செய்தோம்? வெங்காய வாடைக்கெல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பினோமே! இவ்வளவு பிரியத்துக்கு நான் ஆளா என்று இருந்தது.

நர்ஸம்மா பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"மேடம், நான் ஆஸ்பத்திரியில இருந்தவ. அந்தப் பாலு யாரு வாய்க்குப் போகுதுன்னு எனக்குத் தெரியும். எல்லாம் தெரிஞ்சே எழுதினேன். கீழ வந்து, நீ என்ன போட்டே நீ என்ன போட்டேன்னு கேட்டப்பதான் எட்டும் ஒண்ணுன்னு தெரிஞ்சுது. ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. ரெண்டு பஸ்ஸ விட்டுட்டோம். மேல வந்து உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் பேசிக்கிட்டிருந்தோம்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தன் வீட்டுக்காரர் சொன்ன கயிறுகள் ஞாபகத்துக்கு வந்தன. அறுந்ததை எழுதாததால்தானே இத்தனையும். இவர்களைப் பொய் சொல்ல வைத்தது யார்?

"மேல வாங்க" என்றாள். "ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடியும் தர்றேன். அதே பால். வாயக் கொப்பளிச்சு, ஆப்பிள் துண்டு சாப்பிட்டு உக்காந்திருங்க. கஷ்டந்தான், இன்னொரு தடவை வாயில வைக்கணும். எனக்காகச் செய்வீங்களா?"

"உங்களுக்காகத்தானே மொத தடவையே முழுங்கினோம்" என்றார் டிரைவர் அண்ணன்.

அந்த ஒரு மணி நேரத்தில் அவள் டைரக்டர் அறைக்குப் போனாள். யார் போனாலும் 'ரெண்டு நிமிஷம்' என்று சொல்லிவிட்டு இருபது நிமிஷம் காக்க வைக்கிற மனுஷன், அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவள் எதையும் பூசி மெழுகவில்லை. காய்ச்சலில் ஆரம்பித்து பஸ் நிறுத்தம் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள்.

"அஞ்சு மாசமா?" அவர் முகம் சிவந்தது. "அஞ்சு மாசக் கையெழுத்தும் செல்லாதுங்க. தெரியுமா?"

"தெரியும் சார். இதுக்கு முன்னாடி வந்த எண்ணெல்லாம் நெஜம்னு அவங்க சொல்றாங்க. ஆனாலும் பழைய பாக்கெட் குளிர்பெட்டியில இருக்கு, எல்லாத்தையும் திரும்பப் பார்க்கணும். நான் இந்த வேலைக்கு லாயக்கில்லைன்னா வேற ஆள போடுங்க. அவங்க எட்டுப் பேரையும் மட்டும் எதுவும் சொல்லிடாதீங்க."

அவர் எட்டுத் தாளையும் வாங்கிப் பார்த்தார். பிறகு எண்களைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"இது எங்கிட்ட வந்திருந்தா, அருமைன்னு கையெழுத்துப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன்" என்றார். "நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"எட்டுப் பேரும் ஒத்துப்போயிருந்தாங்க சார்."

அவர் தாள்களை மேசையில் வைத்தார். "மறைச்சதுக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும், வாங்கிக்குங்க. மொத மடக்கு இனிமே உங்க வேலை இல்ல. மத்த வேலையெல்லாம் உங்களுடையதுதான்" என்றவர், அவள் நகராமல் நிற்பதைப் பார்த்துவிட்டு எரிச்சலோடு சேர்த்துச் சொன்னார்: "மூக்குள்ள ஆள எங்க வேணா பிடிச்சுடலாங்க. எண்ணப் பார்த்து ஆளைச் சொல்றவங்கள நான் எங்க போய்த் தேடறது? போங்க, ஒரு மணி நேரம் ஆகப்போகுது."

அறைக்கு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். அவருக்கும் ஒரு கும்பிடு போட வேண்டும் போல இருந்தது.

இரண்டாவது தடவை தாள்கள் வந்தபோது எண்கள் ஏழு, ஒன்பது, எட்டு, ஆறு, ஒன்பது, ஐந்து, எட்டு, ஒன்பது. ஐந்து போட்டவள் இரட்டையரில் ஒருத்தி. ஒன்பது போட்ட மற்றவள் படியிறங்குகிற வரைக்கும் அவளை விடவில்லை. முதல் மடக்குக்கான கட்டத்தில் மூக்கு மேடம் நிதானமாக எழுதினாள்: 'நடத்துகிறவருக்கு வாசனை தெரியாது.' கீழே முழுக் கையெழுத்துப் போட்டாள்.

தோல் தம்பிதான் பாவம். மூன்று வருஷ உழைப்பு அந்த ஒரு மத்தியானத்தில் கவிழ்ந்தது. அவனிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் அவள் நின்றபோது, அவன் பாக்கெட்டை விளக்குக்கு முன்னால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மடிப்பு பாருங்கக்கா. மடிச்ச இடத்துல முடி மாதிரி விரிசல். அது வழியாத்தான் காத்து பூந்திருக்கு." பெருமூச்சு விட்டான். "இது ஆஸ்பத்திரிக்குப் போய்த் தெரிஞ்சிருந்தா, பட்டாணித்தோல்னு சொன்னாலே எவனும் கதவைத் தொறந்திருக்க மாட்டான். உங்க எட்டுப் பேருக்கும் பெரிய நன்றிக்கா. ரெண்டாவது தடவை எழுதினதுக்கு."

அவன் மடிப்பே இல்லாத பாக்கெட் ஒன்று செய்தான். மூலைகளை வளைத்து, உள்பக்கம் செடியிலிருந்து எடுத்த மெழுகை மெல்லியதாகப் பூசி. மறுபடியும் வெப்ப அலமாரி, மறுபடியும் முதல் வாரம். முதல் மடக்கு இப்போது குழுவில் ஆளுக்கொரு முறை. வாசலில் நின்று ஆளைப் பிடிக்கிற வேலையையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் தையல்கார அக்கா தலைக்குப் புது எண்ணெய் போட்டுக்கொண்டு வர, "அடுத்த தடவை வாங்க!" என்று ஏழு குரல் ஒரே சமயத்தில் மாடியிலிருந்து கேட்டது. அவள் கீழே நின்று திட்டித் தீர்த்துவிட்டுப் போனாள்.

பன்னிரண்டாவது வாரம் வந்தது. அன்றைக்கு முதல் மடக்கு டிரைவர் அண்ணனுடையது. அவர் குடிப்பதை அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடினார், திறந்தார், வாயைத் துடைத்துக்கொண்டார், 'கொடுக்கலாம்' என்று எழுதினார். ஜன்னல்கள் திறந்தன. தொண்டை கனைக்கும் சத்தம் வந்தது. குவளையை டக்கென்று வைக்கும் சத்தம் வந்தது.

தாள்கள் வந்தன. ஒன்று, இரண்டு, ஒன்று, மூன்று, இரண்டு, ஒன்று, ஒன்று, இரண்டு. பாக்கெட் தாங்கிவிட்டது. தோல் தம்பி கதவருகே நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அவள் தலையை ஆட்டியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மூன்று போட்டது டிரைவர் அண்ணன். "ஏன் அண்ணே?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"பாக்கெட்டுல குத்தமில்ல மேடம். பட்டாணியோட பச்சை வாடை லேசா இருக்கு. இருக்கறத எழுதணும்ல."

"எழுதணும் அண்ணே" என்றாள். அந்த மூன்றை நம்பித்தான் மற்ற ஏழையும் நம்பினாள்.

தாள்களை அடுக்கப் போனபோதுதான் கவனித்தாள். ஒவ்வொரு தாளிலும் கீழே 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. பதினோரு வருஷமாக அது காலியாகவே வரும். கெஞ்சிக் கேட்டாலும் யாரும் எழுத மாட்டார்கள். இன்றைக்கு எட்டிலும் எழுத்து.

'புதுத் துணிக்கட்டைப் பிரித்த உடனே வருமே, அந்த மாதிரி' என்றிருந்தது தையல்கார அக்கா கையெழுத்தில். 'காலையில் கழுவி நிறுத்தின பஸ்ஸில் முதல் ஆளாக ஏறுவது போல.' 'துவைத்து மடித்த வார்டு போர்வை.' 'இதுவரை யாரும் திறக்காத புத்தகம்.' இரட்டையரில் ஒருத்தி 'ஈரப் புல்' என்று எழுதியிருந்தாள். மற்றவள் 'ஈரப் புல் இல்லவே இல்லை, வேகவைத்த கிழங்கு' என்று எழுதியிருந்தாள். பேசிவைத்துக்கொள்ளவில்லை என்று சத்தியம் செய்தாலும், இந்தத் தடவை கூடிப் பேசித்தான் எழுதியிருக்கிறார்கள்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். துணிக்கட்டு அவளுக்குத் தெரியும். கழுவின பஸ் தெரியும். போர்வை தெரியும், புத்தகம் தெரியும். மூக்கில் ஒன்றும் வரவில்லை. ஆனால் படிக்கப் படிக்க ஒவ்வொன்றும் எப்படி இருக்கும் என்று ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததே போதுமாக இருந்தது.

எட்டுப் பேரும் தடுப்பைவிட்டு வெளியே வந்து, நல்லதா கெட்டதா என்று தெரியாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ரொம்ப நன்றி" என்றாள் அவள். கையில் இருந்த எட்டுத் தாளில் ஒன்றுகூட இன்னொன்றைப் போல இல்லை.